கியர் ராடு இல்லாத கார்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

நம் பள்ளி அறிவியல் கண்காட்சியில், எங்கள் வகுப்பு மேசைக்குப் பின்னால் ஒரு பெரிய வரைபடம் தொங்கியதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். "இது என்ன, இட்லிக் கொப்பரையா?" என்று கேட்டுச் சிரித்தவர்களும் உண்டு. அது இட்லிக் கொப்பரை அன்று. நூறாண்டுகளுக்கு முன் உலகமெங்கும் ஓடிய ஃபோர்டு 'மாடல் டி' என்னும் காரின் கியர்ப் பெட்டி, நீளவாக்கில் இரண்டாக அறுத்துப் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி வரையப்பட்ட படம். கண்காட்சி அன்று கூட்டத்தில் எல்லோருக்கும் நின்று நிதானமாக விளக்க முடியவில்லை. அந்தக் குறையை இந்தப் பக்கங்களில் தீர்த்துக்கொள்கிறேன்.

'போக்குவரத்தின் வளர்ச்சி' என்பது எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு. தோழியர் நீராவி எஞ்சினையும் விமானத்தையும் கப்பலையும் முந்திக்கொண்டு எடுத்துவிட்டனர். எனக்கு மிஞ்சியது கார். காரின் வெளித்தோற்றத்தை வரைவதில் என்ன இருக்கிறது? என் தந்தையார் லேத் பட்டறை நடத்துகிறார். சிறு வயது முதலே பல்சக்கரங்கள் வெட்டப்படுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆகவே, "காரின் கியர்ப் பெட்டியை வரைகிறேன், டீச்சர்" என்று சற்றுப் பெருமையாகவே சொல்லிவிட்டேன். சொல்லிய பின்புதான் பயம் வந்தது. சித்தப்பாவிடம் உதவி கேட்டேன். அவர் ஃபோர்டு கம்பெனி கார் வாங்கியவர்களுக்காகக் கேள்வி-பதில் வடிவில் வெளியிட்ட பழைய கையேட்டையும், விக்டர் பேஜ் என்பவர் 1915ஆம் ஆண்டில் இந்த ஒரே காரைப் பற்றி எழுதிய தடித்த நூலில் சில பக்கங்களையும் அச்செடுத்துக் கொண்டுவந்து தந்தார். சில பக்கங்களில் மை தீற்றியிருந்தது. அந்தத் தீற்றல் பின்னால் என்னைப் படுத்திய பாட்டைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் காரைப் பற்றிச் சில செய்திகள். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஹென்றி ஃபோர்டின் கம்பெனி 1908ஆம் ஆண்டு அக்டோபரில் இதை வெளியிட்டது. 1927ஆம் ஆண்டு மே மாதம் வரை ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான கார்கள் இதே மாதிரியில் செய்யப்பட்டன. நான்கு சிலிண்டர் எஞ்சின்; 20 குதிரைச் சக்தி. இத்தனை ஆண்டுகளில் கூடு மாறியது, விளக்கு மாறியது, விலை மிகவும் குறைந்தது. ஆனால் நான் வரைந்த கியர்ப் பெட்டியின் அடிப்படை அமைப்பு மட்டும் தொடக்கம் முதல் முடிவு வரை மாறவேயில்லை.

இனி இந்தக் காரில் ஏறி உட்கார்ந்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். தரையில் மூன்று மிதிகள் இருக்கின்றன. இடது கோடியில் உள்ளது கிளட்ச், வலது கோடியில் உள்ளது பிரேக் என்று நினைப்பீர்கள், அது சரிதான். நடுவில் இருப்பது? ஆக்ஸிலரேட்டர் அன்று. அதை மிதித்தால் கார் பின்னால் போகும்! ஆக்ஸிலரேட்டர் காலடியிலேயே இல்லை. ஸ்டீயரிங்கிற்குக் கீழே வலப்பக்கம் ஒரு சிறு கம்பியாக இருக்கிறது. அதைக் கையால் இழுத்துத்தான் வேகத்தைக் கூட்ட வேண்டும். அதற்கு எதிரே இடப்பக்கம் இருக்கும் கம்பி, எஞ்சினுக்குள் தீப்பொறி விழும் நேரத்தை முன்பின் மாற்றுவதற்கு. கியர் ராடு எங்கே என்று தேடினால் கிடைக்காது. இடது ஓரத்தில் ஒரு நீண்ட கைப்பிடி உண்டு. அது நிறுத்தி வைக்கும்போது பின்சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளவும், கிளட்சை விலக்கி வைக்கவும் பயன்படுவது.

அப்படியானால் கியர் மாற்றுவது எப்படி? அந்தக் கைப்பிடியை முன்னே தள்ளிவிட்டு, இடது மிதியை அடிவரை மிதித்தால் மெதுவான வேகம். முழுவதும் விட்டுவிட்டால் உயர்ந்த வேகம். பாதியில் பிடித்திருந்தால் இரண்டும் இல்லாத நடுநிலை. அவ்வளவுதான். முன்னே செல்ல இரண்டே வேகங்கள். நம் வீட்டுக் காரை ஓட்டத் தெரிந்தவர் ஒருவர் இதில் ஏறினால் முதல் தெருவிலேயே சுவரில் மோதுவார் என்பது உறுதி. அவர் கிளட்ச் என்று நினைத்து இடது மிதியை அழுத்துவார். கார் நிற்பதற்குப் பதில் இழுத்துக்கொண்டு முன்னே போகும்!

ஏன் இப்படி ஒரு விசித்திரமான அமைப்பு? அந்தக் காலத்துப் பிற கார்களில் ஒரு பல்சக்கரத்தைத் தண்டின் மேல் நகர்த்திக்கொண்டுபோய் இன்னொன்றோடு பல்லோடு பல் சேர்ப்பார்கள். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போது சேர்த்தால் 'கிறீச்' என்று கத்தும். பல்லே உடைந்தும் போகும். அவற்றின் வேகத்தை ஒன்றாக்கிச் சேர்த்துவைக்கும் சின்க்ரோமெஷ் என்னும் ஏற்பாடு காடிலாக் காரில் வந்தது 1928ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் ஓட்டுநருக்கு நல்ல காதும் நல்ல பழக்கமும் வேண்டும். ஃபோர்டு தம் காரை விற்க நினைத்ததோ, அதுவரை குதிரை வண்டியைத் தவிர வேறு எதையும் ஓட்டியறியாத விவசாயிகளுக்கு. ஆகவே, பற்கள் ஒருபோதும் பிரியாமல் எப்போதும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டே இருக்கும் 'கோள் சக்கர' முறையை அவர் விடாமல் பிடித்துக்கொண்டார். சூரியனைக் கோள்கள் சுற்றுவதுபோல, நடுச் சக்கரத்தைச் சுற்றிச் சிறு சக்கரங்கள் வலம் வருவதால் இந்தப் பெயர். ஃபோர்டின் முந்தைய கார்களிலும் இம்முறை இருந்தது. ஆனால் மாடல் டியில்தான் அது எஞ்சினோடு சேர்த்து மூடப்பட்டு, எஞ்சின் எண்ணெயிலேயே குளித்துக்கொண்டு ஓடும்படி செய்யப்பட்டது.

இதைப் படித்தபோது எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தி கிடைத்தது. டெட்ராய்டின் பிக்கெட் அவென்யூ தொழிற்சாலை ஒரு மூன்றடுக்குக் கட்டிடம். 1907ஆம் ஆண்டில் அதன் மேல் அடுக்கில் ஒரு மூலையைத் தடுத்து, பூட்டுப் போட்ட சிறு அறை ஒன்றை ஃபோர்டு உண்டாக்கினார். ஹங்கேரி நாட்டிலிருந்து வந்த ஜோசப் கலாம்ப் என்னும் இளம் பொறியாளர் அங்கே கரும்பலகையில் காரின் உறுப்புகளை வரைவார். ஃபோர்டு ஓர் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து மணிக்கணக்கில் அதைப் பார்த்துக்கொண்டே தம் எண்ணங்களைச் சொல்வார். ஒன்றரைக் கோடி கார்களும் கரும்பலகையில், சாக்குக்கட்டியால் தொடங்கியவை! நாமும் தினமும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறோம். நமக்கு ஆடும் நாற்காலி மட்டும்தான் இல்லை.

சரி, பெட்டிக்குள் போவோம். எஞ்சினின் பின்கோடியில் ஃப்ளைவீல் என்னும் கனத்த சக்கரம் எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிறது. அதன் முதுகில் சம தூரத்தில் மூன்று ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு முக்கூட்டுச் சக்கரம். அதாவது, பெரிதும் சிறிதுமான மூன்று பல்சக்கரங்கள் ஒரே உடலாக, தனித்தனியே சுற்ற முடியாதபடி இணைக்கப்பட்டவை. இவைதாம் கோள்கள். ஃப்ளைவீல் சுற்றும்போது இவை அதோடு வலம் வரும். தம் ஆணியிலும் சுழலும். இவற்றின் பற்கள் முறையே 27, 33, 24.

நடுவில் மூன்று தனிச் சக்கரங்கள், ஒன்றன்பின் ஒன்றாக. முதலாவது 27 பற்கள் கொண்டது. இது பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோவதால் 'விசைச் சக்கரம்' என்று பெயர் வைத்துக்கொண்டேன். அடுத்தது 21 பற்கள் கொண்ட 'மெதுச் சக்கரம்'. மூன்றாவது 30 பற்கள் கொண்ட 'ரிவர்ஸ் சக்கரம்'. முக்கூட்டின் 27 நடுவிலுள்ள 27-ஐயும், 33 நடுவிலுள்ள 21-ஐயும், 24 நடுவிலுள்ள 30-ஐயும் கவ்விக்கொண்டிருக்கின்றன. நடுவிலுள்ள ஒவ்வொரு சக்கரமும் ஒரு குழாயின் நுனியில் இருக்கிறது. குழாயின் மறுநுனியில் டிரம் என்னும் உருளை. மூன்று டிரம்களைச் சுற்றியும் மூன்று எஃகுப் பட்டைகள். உட்புறம் தடித்த பருத்தி நாடா தைத்தவை. மிதியை அழுத்தினால் அதற்குரிய பட்டை இறுகி, அந்த டிரம்மைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

இந்தக் காரில் கியர் மாற்றுவது என்பது சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரங்களில் ஒன்றை நிறுத்திப் பிடிப்பதுதான். எந்தச் சக்கரமும் இடம் நகர்வதில்லை. ஒன்று நின்றால் மற்றொன்று வேறு வேகத்தில் ஓடியே தீர வேண்டும்.

அது எப்படி என்று எனக்கு இரண்டு நாள் விளங்கவில்லை. கடைசியில் ரயில் பயணம் ஒன்று நினைவுக்கு வந்தது. ரயில் முன்னே ஓடிக்கொண்டிருக்கிறது. நான் பெட்டிக்குள் பின்பக்கம் நோக்கி நடக்கிறேன். ரயில் 11 அடி முன்னே போவதற்குள் நான் 7 அடி பின்னே நடந்தால், வெளியே வயலில் நிற்பவர் கண்ணுக்கு நான் 4 அடி முன்னேதான் போயிருப்பேன். இங்கே ரயில்தான் ஃப்ளைவீல். அதற்குள் நடப்பவள்தான் விசைச் சக்கரம். மெதுச் சக்கரத்தை நிறுத்திப் பிடித்தால், முக்கூட்டின் 33 பற்கள் நிற்கும் 21 பற்களின் மேல் உருண்டு வரும். ஃப்ளைவீல் ஒரு சுற்று வருவதற்குள் முக்கூட்டு தன் ஆணியில் 21/33, அதாவது 7/11 சுற்றுச் சுழலும். அதே உடலிலுள்ள 27 பல் சக்கரம், விசைச் சக்கரத்தை ஃப்ளைவீலுக்குள் 7/11 சுற்றுப் பின்னே தள்ளும். ஒன்றிலிருந்து 7/11 போனால் மிச்சம் 4/11. எஞ்சின் 11 சுற்றுச் சுற்ற, வெளியே போகும் தண்டு 4 சுற்றுதான் சுற்றும். வேகம் குறைந்து, இழுக்கும் பலம் அந்த அளவுக்குக் கூடும்.

ரிவர்ஸ் இதைவிட அழகானது. இப்போது நிற்பது 30 பல் சக்கரம். அதன் மேல் உருள்வது 24. முக்கூட்டு சுழல்வது 30/24, அதாவது ஒன்றேகால் சுற்று. ரயில் 4 அடி முன்னே போவதற்குள் நான் 5 அடி பின்னே ஓடிவிடுகிறேன்! வயலில் நிற்பவர் கண்ணுக்கு நான் ஓரடி பின்னால் போயிருப்பேன். எஞ்சின் திசை மாறவில்லை. பல் எதுவும் பிரியவில்லை. கார் மட்டும் பின்னே போகிறது. இதைப் புரிந்துகொண்ட இரவு நான் தனியாகச் சிரித்ததைப் பார்த்து அம்மா, "பரீட்சைக்குப் படிக்கிறாயா, கதைப் புத்தகமா?" என்று வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

இன்னொரு சிறு வியப்பும் உண்டு. பின் அச்சில் 11 பல்லும் 40 பல்லும் கொண்ட ஒரு ஜோடி இருக்கிறது. மெது வேகத்தின் 11/4 என்பதோடு அந்த 40/11-ஐப் பெருக்குங்கள். 11 அடிபட்டுப் போய் 10 நிற்கும். மெதுவான வேகத்தில் எஞ்சின் சரியாகப் பத்துச் சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் ஒரு சுற்று. கணக்கு இவ்வளவு சுத்தமாக வருவது நம் கணக்குப் புத்தகத்தில்கூட அபூர்வம்.

இனி என் தவறுகளுக்கு வருகிறேன். மேலே எழுதியதையெல்லாம் நான் அறிந்தது வரைந்து முடித்த பிறகுதான். முதலில் படங்களைப் பார்த்து அப்படியே பெரிதாக்கி, ஒரு வாரம் மாலை வேளைகளில் உட்கார்ந்து இந்தியன் இங்க்கில் முடித்துவிட்டேன். வண்ணமும் தீட்டியாகிவிட்டது. வகுப்பில் எல்லோரும் புகழ்ந்தார்கள். கண்காட்சிக்கு ஐந்து நாள் இருந்தது. வீட்டுக்கு எடுத்துச் சென்று அப்பாவிடம் காட்டினேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்கள். "நல்லா இருக்கும்மா" என்றார்கள். பிறகு, "பல்லைக் கூட்டிப் பார்த்தியா?" என்று கேட்டார்கள்.

எதற்காகக் கூட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா ஒரு சிகரெட் அட்டையின் பின்புறத்தில் எழுதிக் காட்டினார்கள். பல்லின் அளவு ஒன்றாக இருந்தால், ஜோடி சேரும் இரண்டு சக்கரங்களின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம், அவற்றின் பற்களின் கூட்டுத்தொகையைப் பொறுத்தது. முக்கூட்டின் மூன்று சக்கரங்களும் ஒரே ஆணியில் இருக்கின்றன; நடுச் சக்கரங்கள் மூன்றும் ஒரே அச்சில் இருக்கின்றன. ஆகவே மூன்று ஜோடிகளின் கூட்டுத்தொகையும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். 27-ம் 27-ம் 54. 33-ம் 21-ம் 54. என் படத்தில் மூன்றாவது ஜோடி 21-ம் 30-மாக இருந்தது. 51! மை தீற்றியிருந்த பக்கத்தில் 24 என்பதை நான் 21 என்று படித்திருந்தேன். "ஆணியை வளைச்சாத்தான் இது சேரும்" என்று அப்பா சிரித்தார்கள்.

எண்ணை மட்டும் திருத்திவிடலாம் என்று ஆறுதல் அடைந்தேன். ஆனால் மனத்தில் ஐயம் புகுந்துவிட்டது. இன்னும் என்னென்ன தவறோ? பார்த்து வரைந்ததை நம்பாமல், ஒரு மாதிரி செய்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அட்டையில் பல்சக்கரம் வெட்டுவது எளிதன்று. 360 பாகையை 33-ஆல் வகுத்துப் பாருங்கள். நம் பாகைமானியில் அந்தக் கோடு கிடையாது. இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். மளிகைக் கடையில் கிடைக்கும் அட்டைப் பெட்டியின் மேல்தாளை நனைத்து உரித்தால் உள்ளே வரிவரியாக மேடு பள்ளம் தெரியும். ஒவ்வொரு மேடும் ஒரு பல்! 27 மேடு எண்ணி ஒரு நாடாவாக வெட்டி, அதற்கேற்ற வட்ட அட்டையின் விளிம்பில் ஒட்டினால் 27 பல் சக்கரம் தயார். என் பெட்டியில் ஒரு மேட்டுக்கும் அடுத்ததற்கும் 8 மில்லிமீட்டர். 54-ஐ 8-ஆல் பெருக்கி 6.28-ஆல் வகுத்தால் மையத் தூரம் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். மூன்று முக்கூட்டுக்குப் பதில் ஒன்றே போதும் என்று வைத்துக்கொண்டேன், கணக்கு மாறாது. ஃப்ளைவீலுக்குப் பதில் ஓர் அட்டைப் பட்டை. அச்சுக்கு அம்மாவின் பின்னல் ஊசி.

விசைச் சக்கரத்தில் சிவப்புப் பொட்டு ஒன்று வைத்து, மெதுச் சக்கரத்தை இடக்கையால் பிடித்துக்கொண்டு பட்டையைச் சுற்றினேன். பதினோராவது சுற்று முடியும்போது சிவப்புப் பொட்டு நான்காவது முறையாகப் புறப்பட்ட இடத்துக்கு வந்து நின்றது. ரிவர்ஸ் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றினேன். பொட்டு பின்னோக்கிப் போயிற்று!

மகிழ்ச்சி நெடுநேரம் நீடிக்கவில்லை. சக்கரங்களுக்குக் குழாயும் டிரம்மும் பொருத்தலாம் என்று தாளைச் சுருட்டிக் குழாய்கள் செய்தேன். அவை ஒன்றுக்குள் ஒன்று போகவேண்டியவை, பழைய ரேடியோவின் ஏரியல் போல. என் படத்தில் உள்ளபடி பொருத்த முயன்றால் பொருந்தவேயில்லை. ஒரு குழாய் மற்றொன்றின் சுவரைத் துளைத்துக்கொண்டு போனால்தான் உண்டு. தவறு எங்கே என்று தேடினேன். மிதிகள் இடமிருந்து வலமாக மெது வேகம், ரிவர்ஸ், பிரேக் என்று இருப்பதால், டிரம்களும் எஞ்சின் பக்கமிருந்து அதே வரிசையில்தான் இருக்கும் என்று நானாக எண்ணி, படத்திலும் அப்படியே பெயர் எழுதி, குழாய்களையும் அதற்கேற்ப இழுத்துவிட்டிருந்தேன்! உண்மையில் ரிவர்ஸ் டிரம்தான் ஃப்ளைவீலுக்கு மிக அருகில். அடுத்தது மெது வேக டிரம். கடைசியில் பிரேக் டிரம். விசைச் சக்கரத்தின் குழாய் எல்லாவற்றுக்கும் உள்ளே, மிக நீளமாக, முன்கோடியிலிருந்து பின்கோடியிலுள்ள பிரேக் டிரம் வரை போகிறது. அதன் மேல் மெதுச் சக்கரத்தின் குழாய். அதற்கும் மேல், மிகக் குட்டையாக, ரிவர்ஸ் குழாய். எந்தச் சக்கரம் முன்னே நிற்கிறதோ அதன் டிரம் பின்னே நிற்கும்.

ஒரு வாரத்து வேலை வீண். படத்தைத் திருத்த முடியாது. புதிதாகத்தான் வரைய வேண்டும். இன்னும் மூன்றே நாள். என்னோடு வண்ணம் தீட்டிய தோழி கண் கலங்கிவிட்டாள். "டிரம் எந்த வரிசையில் இருந்தால் யாருக்கடி தெரியப்போகிறது? நம் ஊரில் யாராவது இந்தக் காரைத் திறந்து பார்த்திருக்கிறார்களா?" என்றாள். நியாயமான கேள்விதான். அன்றிரவு எனக்கும் அப்படியே தோன்றியது. காலையில் படத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். முன்பு அழகாகத் தெரிந்த படம், இப்போது சுவரைத் துளைக்கும் குழாயாக மட்டுமே கண்ணில் பட்டது. தமிழ் இலக்கணப் பிழையைக் கண்டுபிடித்துவிட்ட பிறகு அந்த வாக்கியத்தைப் பிழையின்றி வாசிக்க முடியாதல்லவா, அதுபோல. புதுச் சார்ட் வாங்க அப்பாவிடம் காசு கேட்டேன். தோழியும் கோபத்தோடு வந்து உட்கார்ந்து, கோபத்தோடே வண்ணம் தீட்டினாள். அவளுக்கு இங்கே நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டாவது முறை வரைவது வேகமாக நடந்தது. எந்தக் கோடு எதற்காக என்று தெரிந்திருந்ததே காரணம். பற்களை ஒவ்வொன்றாக வரையவில்லை. பட்டறை வரைபடங்களில் செய்வதுபோல் வட்டங்களாக மட்டும் போட்டு, பக்கத்தில் பல் எண்ணிக்கையை எழுதினேன். உயர்ந்த வேகத்துக்கான கிளட்சையும் இம்முறை சேர்த்தேன். அது பிரேக் டிரம்முக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது: பெரிதும் சிறிதுமாக மாறி மாறி அடுக்கிய சுமார் இரண்டு டஜன் மெல்லிய எஃகுத் தட்டுகள். ஒரு வகைத் தட்டுகள் எஞ்சினோடும், மறுவகை டிரம்மோடும் சுற்றும். வலுவான ஸ்பிரிங் ஒன்று இவற்றை ஒன்றாக அழுத்தும்போது பெட்டி முழுவதும் ஒரே கட்டாக எஞ்சினோடு சுற்றுகிறது. அப்போது கோள்கள் தம் ஆணியில் சுழலுவதேயில்லை.

இந்தப் பெட்டியைப் பற்றி இன்னும் சில செய்திகள் சொல்லாமல் விட மனமில்லை. கால் பிரேக்கும் இதற்குள்தான் இருக்கிறது; பிரேக் மிதி பிடிப்பது சக்கரத்தை அன்று, டிரம்மை. பிரேக் பட்டை தேய்ந்துவிடாமல் இருக்க, சிலர் ரிவர்ஸ் மிதியை லேசாக அழுத்தியே வண்டியை நிறுத்துவார்களாம். பனிக் காலத்தில் எண்ணெய் கெட்டியாகிக் கிளட்ச் தட்டுகள் ஒட்டிக்கொள்ளும். முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பினால், கார் மெல்ல நகர்ந்து கிளப்பியவர் மேலேயே வரும்! ஆகவே ஒரு பின்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டுக் கிளப்புவது உண்டு. செங்குத்தான மலைப்பாதைகளில் பின்பக்கமாக ஏறுவதும் வழக்கம். பெட்ரோல் டேங்க் இருக்கைக்கு அடியில் இருந்தது; பம்பு இல்லை; பெட்ரோல் தானாகவே கீழே வழிந்து எஞ்சினுக்குப் போக வேண்டும். மூக்கு மேலே தூக்கியபடி ஏறினால் எஞ்சின் டேங்கைவிட உயரத்துக்குப் போய்விடும். அதோடு, ரிவர்ஸில் நாலுக்கு ஒன்று என்பதால் இழுக்கும் பலமும் அதிகம். இன்றும் இந்தக் கார்களைப் பேணி ஓட்டுபவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் பருத்தி நாடாவுக்குப் பதில் மரத்தையும் கெவ்லார் என்னும் புதிய இழையையும் பட்டைக்குள் வைத்துக்கொள்கிறார்கள்.

மாடல் டிக்குப் பின் வந்த ஃபோர்டு காரில் வழக்கமான கியர் ராடு வந்துவிட்டது. ஆயினும் கோள் சக்கரங்கள் மறையவில்லை. ஓல்ட்ஸ்மொபில் கம்பெனி 1939ஆம் ஆண்டில் தன் 1940 மாதிரிக் கார்களுக்காக அறிமுகப்படுத்திய ஹைட்ராமேட்டிக் என்னும் தானியங்கிக் கியர்ப் பெட்டிக்குள் இருந்தவையும் கோள் சக்கரங்களே. காலால் அழுத்திய பட்டையை அதில் எண்ணெய் அழுத்தம் தானே இறுக்கியது.

கண்காட்சி அன்று காலையில் அறிவியல் ஆசிரியை பார்த்துவிட்டு, "விளக்கம் குறைவாகச் சொல், கூட்டம் நகராது" என்றார்கள். அப்படியே செய்ய முயன்றேன். பிற்பகலில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வந்து, வரைபடத்தை ஏறெடுத்தும் பாராமல், அட்டை மாதிரியை மட்டும் சுற்றத் தொடங்கினாள். "அக்கா, நான் எதையும் பிடிக்காமல் சுற்றினால் சிவப்புப் பொட்டு எப்படிப் போகும்?" என்று கேட்டாள். எல்லா வேகத்துக்கும் கணக்குப் போட்டிருந்த நான் இதைப் போடவில்லை. சற்று விழித்தேன். பிறகு, "நீயே சுற்றிப் பார்" என்றேன். பட்டை சுற்றியது, பொட்டு நினைத்தபடி கொஞ்சம் போயிற்று, கொஞ்சம் நின்றது, பிடிமானம் இல்லாமல் அலைந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அதுதான் இடது மிதியைப் பாதியில் பிடித்திருக்கும் நடுநிலை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளிடமும் சொன்னேன்.

வரைபடம் இப்போது பௌதிக ஆய்வுக்கூடத்தின் பின்சுவரில் இருக்கிறது. கிளட்ச் தட்டுகளில் எட்டு மட்டுமே வரைந்திருக்கிறேன். என் பேனா முனை அதற்கு மேல் இடம் கொடுக்கவில்லை. அட்டை மாதிரி அந்தச் சிறுமியின் வகுப்பில் இருக்கிறது. 33 பல் சக்கரத்தில் இரண்டு பற்கள் நசுங்கிவிட்டன என்று சென்ற வாரம் வந்து சொன்னாள். அட்டைப் பெட்டி கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.